தேர்ந்துகொள்ளப்படாத உடன்பிறப்பு

கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதுவது தகுமா எனச் சில வாசகர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். கதையையும் கவிதையையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் இப்பக்கங்களில் ஆய்ந்து பழகியவர்கள் நாம். விளையாட்டோ பிள்ளைகளின் பொழுதைக் கெடுப்பது, கண்ணைக் கெடுப்பது, செபத்தைக் கெடுப்பது. என் எண்ணமும் அதுவாகவே இருந்தது. ஞாயிறு மறையுரையில் அதைக் கடிந்து பேசியும் இருக்கிறேன். ஆனால் மனிதனின் வீழ்ச்சியையும் மீட்பையும் பற்றி ஒரு கதை பேசுமாயின், அது ஏட்டில் வந்ததா திரையில் வந்ததா என்பது இரண்டாவது கேள்விதான். அது உண்மையைப் பேசுகிறதா என்பதே முதற்கேள்வி.

பொறியியல் படிக்கும் என் தம்பி மகன் சென்ற கோடை விடுமுறையில் பங்கு இல்லத்தில் என்னோடு தங்கியிருந்தான். ஒருநாள் இரவு செபம் முடித்து அவனைக் கடிந்துகொள்ளும் நோக்கோடு அவன் அறைக்குச் சென்றேன். மடிக்கணினித் திரையில் தெர்மொப்பிலேக் கணவாயில் ஸ்பார்ட்டாவின் அரசன் லியோனிடாஸ் பாரசீகப் படையை எதிர்த்து நின்றுகொண்டிருந்தான். கி.மு. 480இல் நிகழ்ந்த அப்போரைக் குருமடத்தில் வரலாற்று வகுப்பில் படித்த நினைவு. கடிந்துகொள்ள வந்த நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டேன். காட்சி முடிந்ததும் திரையில் இரு முகங்கள் தோன்றின. ஓர் இளைஞன், அலெக்சியோஸ். ஓர் இளம்பெண், கசாண்ட்ரா. இருவரில் யாராக நின்று விளையாடப் போகிறோம் என்பதை நாமே தெரிவு செய்ய வேண்டுமாம்.

"யாரை எடுக்கட்டும் பெரியப்பா?" என்றான் அவன்.

நான் அதிகம் எண்ணவில்லை. "பெண்பிள்ளையையே எடு" என்றேன். அந்த ஒரு சொல்லால் மற்றவனுக்கு நான் என்ன செய்தேன் என்பது சில இரவுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' என்னும் இவ்விளையாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கியூபெக் கூடத்தில் உருவாக்கப்பட்டு 2018 அக்டோபரில் வெளிவந்தது. ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் பொருதிய பெலொப்பொனேசியப் போரே இதன் களம். கதை கி.மு. 431இல் தொடங்கி, 422இல் ஆம்ஃபிபொலிஸ் போர்வரை செல்கிறது. பெரிக்ளீஸ், சாக்ரட்டீஸ், ஹெரொடோட்டஸ், கிளியோன், பிராசிடாஸ் எனப் பாடநூலில் பெயராக மட்டும் கிடந்தவர்கள் இதில் நடமாடுகிறார்கள், உண்கிறார்கள், வாதிடுகிறார்கள். வரலாற்றை அது எங்கே மதிக்கிறது, எங்கே வளைக்கிறது என்பது தனிக் கட்டுரைக்குரியது. நம்முடைய பொருள் இந்தப் பெருங்கதையின் நடுவே இருக்கும் ஒரு சிறு குடும்பம்.

லியோனிடாசின் மகள் மிரினி. அவளுக்கு இரு பிள்ளைகள். இளைய குழந்தை கைக்குழந்தையாய் இருக்கும்போதே, அது ஸ்பார்ட்டாவுக்கு அழிவைக் கொண்டுவரும் என டெல்பியின் குறி சொல்கிறது. தைகெட்டோஸ் மலையுச்சியில் இருந்து அதை எறிந்துவிட வேண்டுமென மூத்தோர் தீர்ப்பிடுகின்றனர். மழை பெய்யும் இரவு. குழந்தையை ஏந்தி நிற்கும் முதியவன்மேல் மூத்த பிள்ளை பாய்கிறது. காப்பாற்றத்தான் பாய்கிறது. ஆனால் முதியவனும் குழந்தையும் ஒருசேரப் பள்ளத்தில் விழுகின்றனர். கொலைகாரப் பிள்ளை எனக் கூட்டம் கூச்சலிட, தந்தையென அழைக்கப்பட்ட நிக்கோலாஸ் தன் கையாலேயே மூத்த பிள்ளையையும் மலையிலிருந்து கீழே விடுகிறான்.

இருவரும் பிழைக்கின்றனர். மூத்தது படகேறிக் கெஃபலோனியாத் தீவில் கரையொதுங்கி, மார்க்கோஸ் என்னும் சிறு வணிகன் ஒருவனால் வளர்க்கப்படுகிறது. மார்க்கோஸ் நல்லவன் என்று சொல்லமுடியாது, கடன்காரன், வாய்ப்பேச்சுக்காரன். ஆயினும் அவன் சோறு போட்டான். இளையதைத் தாய் மிரினி குற்றுயிராய்க் கண்டெடுத்து ஆர்கோலிசில் உள்ள மருத்துவத் தலத்துக்குத் தூக்கிச் செல்கிறாள். அங்கே கிரிசிஸ் என்னும் பெண் குரு, குழந்தை இறந்துவிட்டதென்று தாயிடம் பொய்யுரைத்து அதைத் தன் மறைக்குழுவுக்கென எடுத்துக்கொள்கிறாள். கிரேக்க உலகை மறைவிலிருந்து ஆட்டுவிக்கும் அக்குழு குழந்தையைத் தன் படைக்கலமாக வளர்த்து, டெய்மோஸ் எனப் பெயரிடுகிறது. இவன்தான் கதையின் கொடியவன்.

நாம் கசாண்ட்ராவைத் தெரிந்தால் அலெக்சியோஸ் டெய்மோஸ் ஆகிறான். அலெக்சியோசைத் தெரிந்தால் கசாண்ட்ராவே டெய்மோஸ். மலையும் மழையும் குறியும் தீர்ப்பும் மாறுவதில்லை. பெயர் மட்டும் இடம் மாறுகிறது. எவர்மேல் நம் விரல் விழவில்லையோ அவர் பள்ளத்தில் விழுகிறார்.

கதையின்படி இவர்கள் இரட்டையர் அல்லர். வயதில் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் ஆக்கத்தின்படி இவர்களைப் போன்ற இரட்டையர் வேறில்லை. ஒருவருக்கென எழுதப்பட்ட உரையாடலையே மற்றவர் பேசுகிறார், ஒருவர் நின்ற இடத்திலேயே மற்றவர் நிற்கிறார். பெயரும் இதைக் காட்டிக்கொடுக்கிறது. கிரேக்கப் புராணத்தில் போர்த்தெய்வமாகிய ஏரெசின் மக்கள் இருவர்: ஃபோபோஸ் என்னும் அச்சம், டெய்மோஸ் என்னும் பேரச்சம். ஹீசியொட் இருவரையும் சேர்த்தே பேசுகிறார். 1877இல் செவ்வாய்க் கோளின் இரு துணைக்கோள்களைக் கண்ட ஆசாஃப் ஹாலின் காலத்திலிருந்து அவையும் இந்த இரு பெயர்களையே தாங்கி நிற்கின்றன. விளையாட்டில் டெய்மோஸ் என்பது தம்பியின் பெயர் என்றால், ஃபோபோஸ் எங்கே? கசாண்ட்ரா ஏறிச்செல்லும் குதிரையின் பெயர் ஃபோபோஸ். அச்சம் நாயகியைச் சுமந்து செல்கிறது, பேரச்சம் எதிரே வருகிறது. இதை அமைத்தவர் வேண்டுமென்றே செய்தாரா என ஆராய வேண்டியதில்லை, அமைந்திருக்கிறது.

பழைய ஸ்பார்ட்டாவில் நலிந்த குழந்தைகளை மூத்தோர் பார்வையிட்டு, தைகெட்டோஸ் அடிவாரத்துப் பள்ளத்தில் விட்டுவிடச் செய்தனர் எனப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர் வாழ்ந்தது சில நூற்றாண்டுகளுக்குப் பின். எனவே இதை அப்படியே நம்புவதா என அறிஞர்கள் வாதிடுகின்றனர். ஆனால் வேண்டாத குழந்தையை வெளியே விட்டுவிடும் வழக்கம் கிரேக்க உலகில் இருந்தது என்பதில் ஐயமில்லை. சொபொக்கிளீசின் ஈடிப்பசும் கிதைரோன் மலையில் விடப்பட்ட குழந்தைதான். குறி சொன்னது என்பதற்காக எறிகிறார்கள். எறிந்ததாலேயே குறி பலிக்கிறது. இந்த விளையாட்டும் அந்தப் பழைய நூலைப் பிடித்தே நெய்யப்பட்டிருக்கிறது. ஸ்பார்ட்டாவுக்குக் கேடு வரும் எனக் குழந்தையை எறிந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அதே குழந்தை ஸ்பார்ட்டாவின் மாவீரன் பிராசிடாசைக் கொல்கிறது.

கிரிசிசைப் பற்றி ஒரு சொல். அவள் கற்பனைப் பாத்திரம் அல்லள். ஆர்கோஸ் நகரின் ஹேரா கோயிலில் குருவாய் இருந்தவள் என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறிக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரிந்த அம்மூதாட்டி, கி.மு. 423இல் ஓர் இரவு விளக்கை மாலைகளின் அருகே வைத்துவிட்டு உறங்கிப்போனாள். கோயில் எரிந்து சாம்பலாயிற்று. அஞ்சி வேற்றூருக்கு ஓடிப்போனாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். விளையாட்டோ அவளைப் பிள்ளை பிடிப்பவளாக்கி, கோயிலையும் அவளே கொளுத்துவதாகக் காட்டுகிறது. சாக்ரட்டீசைக் கேலியோடும் அன்போடும் தீட்டியவர்கள் இந்த மூதாட்டியிடம் ஏன் இத்தனை கடுமை காட்டினார்களோ! பீடத்து மெழுகுதிரியை அணைக்க மறந்து உறங்கிப்போனது எனக்கும் நேர்ந்ததுண்டு என்பதால் அவள் சார்பில் இதைச் சொல்லிவைக்கிறேன்.

எனினும் அந்தத் தீக்காட்சியில் விளையாட்டு ஒரு நல்ல கேள்வியைக் கேட்கிறது. எரியும் கோயிலுக்குள் ஒரு குழந்தை அழுகிறது. கிரிசிஸ் தப்பி ஓடுகிறாள். பழிவாங்க அவளைத் துரத்துவதா, உள்ளே சென்று குழந்தையை எடுப்பதா? தம்பி மகன் ஒரு நொடி திகைத்தான். பின்பு குழந்தையிடம் ஓடினான். மிரினி முன்பொருநாள் இறந்ததாக நம்பி விட்டுச்சென்ற பிள்ளையை எவராவது இப்படி ஓடி எடுத்திருந்தால் டெய்மோஸ் என்றொருவன் இருந்திருக்கமாட்டான் என அப்போது எனக்குத் தோன்றியது.

டெய்மோஸ் முதலில் தோன்றும் இடம் டெல்பிக் கோயிலுக்கடியிலுள்ள குகை. முகமூடி அணிந்து மறைக்குழுவின் கூட்டத்துக்குள் நுழைந்திருக்கும் கசாண்ட்ராவுக்கு, அத்தனை பேரையும் நடுங்கவைத்து நிற்கும் அந்த இளைஞன் தன் தம்பி என்பது அங்கேதான் தெரிகிறது. பின்பு அவன் ஏதென்சில் பெரிக்ளீசின் கழுத்தை அறுக்கிறான். (உண்மையில் பெரிக்ளீஸ் கி.மு. 429இல் கொள்ளைநோயில் இறந்தார்.) ஆம்ஃபிபொலிசில் பிராசிடாசைக் கொல்கிறான். இவனிடம் இரக்கப்பட என்ன இருக்கிறது? எனக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஒரு கொடியவன் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் இரவு கணினியை மூடும்போது தம்பி மகன் கேட்டான்: "நாம மற்றவனை எடுத்திருந்தா இவன் நல்லவனா இருந்திருப்பானா பெரியப்பா?"

இக்கேள்விக்குத் திருச்சபையில் நெடிய வரலாறு உண்டு. ரெபேக்காவின் வயிற்றில் இருவர். பிறக்குமுன்பே, நன்மையோ தீமையோ செய்யுமுன்பே, மூத்தவன் இளையவனுக்குப் பணிவான் எனச் சொல்லப்பட்டது. ஏசாவும் யாக்கோபும் ஒரே நேரத்தில் கருவானவர்கள். இவ்விருவரையும் எடுத்துக்காட்டி, பிறந்த நேரமே வாழ்வை ஆளுகிறது என்னும் சோதிடரைப் புனித அகுஸ்தினார் மடக்கினார். ஆனால் சோதிடரை மடக்குவது எளிது. புனித பவுல் உரோமையர் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுப்பும் கேள்வியே கடினம். இருவரும் ஒன்றும் செய்யாதிருக்கும்போதே ஒருவன் ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டான்? கி.பி. 396 அளவில் சிம்ப்பிளிசியானுக்கு விடையெழுத உட்கார்ந்த அகுஸ்தினார், மனிதனின் விருப்புரிமையைக் காக்கவே முயன்றார். முடிவில் அருளே வென்றது என அவரே தம் முதுமையில் ஒப்புக்கொண்டார். யாக்கோபு தேர்ந்துகொள்ளப்பட்டது அவன் தகுதியால் அன்று. சரி. அப்படியானால் ஏசா? அங்கே அவர் இறைவனின் ஆழங்காண முடியாத தீர்ப்பின் முன் பணிந்து நின்றுவிடுகிறார். அவருக்குப் பின்வந்தோரில் சிலர் பணிந்து நிற்கவில்லை. ஏசா அழிவுக்கென்றே படைக்கப்பட்டான் என்னும் அளவுக்குச் சென்றனர். 1547இல் திரெந்து பொதுச்சங்கம் அந்த வழியை அடைத்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இறைவன் எவரையும் நரகத்துக்கென முன்குறிப்பதில்லை எனத் தெளிவாகக் கூறுகிறது (எண் 1037).

இவையெல்லாம் தேர்வுக்காக நான் மனனம் செய்தவை. ஆனால் அப்பிள்ளையின் கேள்விக்கு அன்றிரவு என் வாயில் விடை வரவில்லை. அதற்குக் காரணம் இறையியல் அன்று.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இருவர். அப்பா கட்டுமரத்தில் சென்றவர். நான் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில், வீட்டுக்கு ஒரு பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுங்கள் என்றார் எங்கள் பங்குத்தந்தை. கோயிலில் வாசகம் பிழையின்றி வாசிப்பேன் என்பதால் கை என்மேல் விழுந்தது. நான் இளங்குருமடத்துக்குப் போனேன். கடலுக்கு ஆள் வேண்டுமென்று, பதின்மூன்று வயதில் தம்பியின் பள்ளிப்படிப்பு நின்றது. அவன் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். பின்னாளில் குடி, சண்டை, வழக்கு. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒருவர் பீடத்தில் நிற்கிறார், மற்றவன் எங்கே கிடக்கிறான் பார் என்று ஊர் பேசியது. எனது முதல் திருப்பலி நிழற்படத்தில் அவன் இல்லை. அவன் பந்தலுக்குப் பின்னால் விருந்துக்கான சோறு வடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் எங்களிடையே பேச்சில்லை. கேள்வி கேட்ட இப்பிள்ளை அவன் மகன்.

இதை இங்கே எழுத நேர்ந்ததற்கு வாசகர் பொறுத்தருள்க. இதைச் சொல்லாமல் இவ்விளையாட்டைத் திறனாய்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

திறனாய்வுக்கே திரும்புவோம். இந்த ஆக்கத்தின் பெருங்குறை ஒன்று உண்டு. டெய்மோசைக் கொலைகாரன் என்று கதை மீண்டும் மீண்டும் சொல்கிறது. ஆனால் கசாண்ட்ரா? அவள் கூலிக்கு வாளெடுப்பவள். மிஸ்தியோஸ் என்றே அவளை அழைக்கிறார்கள். கூலி வாங்குபவள் என்பதே அச்சொல்லின் பொருள். ஒரே மாலைப்பொழுதில் தம்பி மகனின் விரலசைவில் அவள் வெட்டிச் சாய்த்த காவலர்களை எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். இன்று ஸ்பார்ட்டாவுக்காக ஏதென்சின் வீரர்களை, நாளை ஏதென்சுக்காக ஸ்பார்ட்டாவின் வீரர்களை. பெரிக்ளீசின் ஓர் உயிருக்காகத் திரை முழுதும் துயர் கொள்ளும் கதை, பெயரற்ற இந்த வீரர்களுக்காக ஒரு நொடியும் நிற்பதில்லை. அவர்களுக்கும் தாய் உண்டு என்பதும், அவர்களும் ஒருவனுக்குத் தம்பி என்பதும் இதை ஆக்கியவர்க்கு நினைவில் இல்லை. இருவர் கையிலும் ஒரே இரத்தம்தான். ஒருத்தி நாயகி என்பதற்கும் ஒருவன் கொடியவன் என்பதற்கும் செயலில் வேறுபாடு மிகக் குறைவு. இதைத் தெரிந்து சொல்லியிருந்தால் இது பெரிய படைப்பாகியிருக்கும். தெரியாமல் காட்டிவிட்டது.

அப்படியானால் இருவரும் ஒன்றுதானா? இல்லை. கெஃபலோனியாவில் ஃபீபி என்றொரு தாயற்ற சிறுமி கசாண்ட்ராவின் காலடியைச் சுற்றித் திரிகிறாள். மரத்தாலான கழுகுப் பொம்மை ஒன்றே அவள் சொத்து. கசாண்ட்ரா முரட்டுத்தனமாகப் பேசினாலும் அச்சிறுமியிடம் பேசும்போது குரல் தணிகிறது. பின்னர் கொள்ளைநோய்க்கால ஏதென்சில் மறைக்குழுவின் காவலரால் ஃபீபி கொல்லப்படும்போது, அதுவரை சலிக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த தம்பி மகன் கையை எடுத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தான். மார்க்கோசின் சோறும் ஃபீபியின் பொம்மையும்தான் கசாண்ட்ராவை டெய்மோஸ் ஆகாமல் காத்தவை. டெய்மோசுக்கோ வணங்குபவர்கள் இருந்தார்கள். நீ தெய்வத்துக்கு நிகரானவன் என்றார்கள். சாப்பிட்டாயா என்று எவரும் கேட்கவில்லை. அருள் ஆள்வழியே வருகிறது என்பதை நாம் அருட்சாதனங்களைப் பற்றிய பாடத்தில் எவ்வளவோ விரிவாகக் கற்கிறோம். இங்கே அது ஒரு மரப்பொம்மையில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்நேரம் கர்ணன் நினைவுக்கு வந்திருப்பான். ஆற்றில் விடப்பட்டு, மறுபக்கம் வளர்ந்து, உடன்பிறந்தோரைப் போர்க்களத்தில் சந்தித்தவன். ஆனால் கர்ணனைக் கொடியவன் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. கூத்திலும் திரையிலும் அவனுக்காக அழுதிருக்கிறோம். காரணம் ராதை. தேரோட்டியின் மனைவி அவனுக்குப் பாலூட்டினாள். கர்ணனிடமிருந்து ராதையை நீக்கிவிட்டுத் துரியோதனனின் நட்பை மட்டும் விட்டுவைத்தால் கிடைப்பவன் டெய்மோஸ்.

விளையாட்டின் மிகச் சிறந்த காட்சி போர்க்காட்சி எதுவும் அன்று. கி.மு. 425இல் பைலோஸ் கடற்கரையில் ஸ்பார்ட்டா தோற்கிறது. அருகிலுள்ள ஸ்பாக்டீரியாத் தீவில் அன்று சரணடைந்தவர்கள் 292 பேர் எனத் துசிடிடீஸ் எழுதுகிறார். சரணடைவதே அறியாத ஸ்பார்ட்டாவினர் சரணடைந்தது கிரேக்கம் முழுவதையும் திகைக்கவைத்தது. கதையில் அந்தக் களத்தில் அக்காளும் தம்பியும் மோதிக்கொள்ள, அவள் வீழ்ந்து ஏதென்சின் சிறையில் கண்விழிக்கிறாள். அங்கே டெய்மோஸ் அவளைக் காண வருகிறான். அவள் கையில் ஆயுதமில்லை. தேர்ந்துகொள்ளப்பட்டவள் கம்பிக்கு உள்ளே, தள்ளப்பட்டவன் வெளியே. அம்மா என்னை ஏன் விட்டுவிட்டாள் என்பதுதான் அவன் மனத்தில் இருக்கும் ஒரே கேள்வி. அதை நேராகக் கேட்கத் தெரியாமல் மிரட்டுகிறான், ஏளனம் செய்கிறான், மீண்டும் அதே கேள்வியைச் சுற்றி வருகிறான். உன்னை வளர்த்தவர்கள் உன்னைப் பயன்படுத்துகிறார்கள், அம்மா உன்னை விடவில்லை என்று அவளால் சொல்ல மட்டுமே முடிகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்களின் குரலைக் கேட்டவன் நான். கோபமாக வந்து பேசுபவரில் பாதிப்பேர் இப்படித்தான் பேசுகிறார்கள்.

பின் ஆம்ஃபிபொலிஸ். அந்நகரைக் காக்கத் தவறியதற்காக நாடு கடத்தப்பட்ட தளபதிதான் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. தோற்று வெளியேற்றப்பட்ட ஒருவரின் பேனாவால்தான் அந்தப் போரை நாம் அறிகிறோம். அங்கே டெய்மோஸ் முதுகில் அம்பு தைத்து விழுகிறான். எய்தவன் எதிரி அல்லன். அவனைத் தன் படைக்கலமாக வைத்திருந்த கிளியோன். இனிப் பயனில்லை என்றதும் எறிந்துவிட்டார்கள். இரண்டாம் முறையாக எறியப்படுகிறான்.

முடிவு மீண்டும் தைகெட்டோஸ் மலையுச்சியில். தாய் நிற்கிறாள், பிழைத்து வந்த மகன் வாளோடு நிற்கிறான், மூத்தவள் நிற்கிறாள். போரிடலாம். போரிட மறுத்துப் பேசலாம். இதுவரை என்ன பேசிவந்தோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. சிறையில் விதைத்த சொல் இங்கே முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். முளைக்காவிடில் இரத்தம் சிந்தும். முளைத்தால், ஸ்பார்ட்டாவில் உள்ள வீட்டில் குடும்பமாக அமர்ந்து உணவருந்தும் காட்சியோடு அக்கதை நிறைவுறுகிறது. எறியச் சொன்னவர்களுக்குப் பணிந்த நிக்கோலாசை முன்னரே நாம் மன்னித்திருந்தால், அவனும் அந்தப் பந்தியில் இருப்பான்.

இதில் எனக்கு ஒரு தடை உண்டு. மனமாற்றத்தைச் சரியான விடைகளைப் பொறுக்கியெடுக்கும் தேர்வாக்கிவிடுகிறது விளையாட்டு. இன்னின்ன சொற்களைத் தெரிந்தால் பூட்டுத் திறக்கும் என்று இளைஞர்கள் தங்களுக்குள் குறிப்பெழுதிப் பகிர்ந்துகொள்கிறார்களாம். மனித உள்ளம் அப்படித் திறப்பதில்லை. சரியான சொல்லைச் சொல்லியும் திறக்காத கதவுகளின் முன் நாம் எத்தனைமுறை நின்றிருக்கிறோம்! ஆயினும் தம்பி மகன் எந்தக் குறிப்பையும் பார்க்கவில்லை. வாளை ஓங்குமாறு திரை அழைத்தபோது அவன் என் முகத்தைப் பார்த்தான். "அடிக்காதே" என்றேன்.

ஊதாரி மைந்தன் உவமையில் தந்தை ஓடிச்சென்று கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். அந்த ஓட்டத்துக்கு ஒரு முன்னோட்டம் தொடக்கநூலின் முப்பத்துமூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. சொற்கள்கூட ஒத்துவருகின்றன. அங்கே ஓடுபவர் தந்தை அல்லர், தேர்ந்துகொள்ளப்பட்டவரும் அல்லர்; ஏசா. நானூறு பேரோடு வருகிறான் என்று கேள்விப்பட்டு யாக்கோபு நடுங்குகிறான், மந்தைகளைக் காணிக்கையாக முன்னே அனுப்புகிறான், ஏழுமுறை தரையில் விழுகிறான். ஏசாவோ ஓடிவந்து தழுவி அழுகிறான். உன் முகத்தைக் காண்பது இறைவன் முகத்தைக் காண்பது போலிருக்கிறது என்று யாக்கோபு சொல்வது அப்போதுதான். தேர்ந்துகொள்ளப்பட்டவனுக்கு இறைமுகம் தள்ளப்பட்டவனில் தெரிகிறது. பவுலும் ஒன்பதாம் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. பதினொன்றாம் அதிகாரத்தில் எல்லார்மீதும் இரக்கம் என்று வந்துதான் மூச்சு விடுகிறார். நான் பல ஆண்டுகள் ஒன்பதாம் அதிகாரத்தை மட்டும் படித்தவன்.

விளையாட்டு இந்த ஆழத்துக்குச் செல்லவில்லை. பந்தியில் டெய்மோஸ் அமர்ந்திருக்கிறான். ஆனால் அவனை மன்னித்ததாகவே கதை பேசுகிறது. அவனிடம் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கசாண்ட்ரா கேட்கவில்லை. அவளை எடு என்று சொன்ன நாமும் கேட்கவில்லை. அதற்கொரு பொத்தான் இல்லை.

விடுமுறை முடிந்து அவன் புறப்படுவதற்கு இரு நாட்களுக்கு முன் அவனை அழைத்துப்போக என் தம்பி வந்திருந்தான். இரவு உணவு முடிந்து மூவரும் அந்த அறையில் அமர்ந்தோம். பிள்ளை விளையாட்டை முதலிலிருந்து மீண்டும் தொடங்கினான். தெர்மொப்பிலே முடிந்தது. இரு முகங்கள் தோன்றின. இம்முறை அவன் எங்களைக் கேட்காமலே அலெக்சியோசைத் தெரிந்தான். தம்பி சற்றுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை என்ன ஆகும்?" என்று கசாண்ட்ராவின் முகம் இருந்த இடத்தைக் காட்டிக் கேட்டான். மகன் என்னைப் பார்த்தான். "பின்னால வருவா, பொறுங்க" என்றேன் நான்.